நெல் குவியலில் படுத்த பவுன்

தஞ்சாவூரை விட்டு ஜீப் கிளம்பியபோது மாலை நான்கு மணி இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து கோடியக்கரைக் கடல்வரை, வழியில் ஓரிடத்திலும் லாட்ஜில் தங்காமல், கூடாரம் போட்டே போவது என்பது என் மனைவி சரோஜாவின் யோசனை. நாயையும் அழைத்துப் போவது என் யோசனை. சிப்பிப்பாறை நாய். பவுன் நிறம் என்பதால் பெயரும் பவுன். ஒல்லி உடம்பு, ஒட்டிய ரோமம், பனி என்றால் நடுங்கிவிடும். தை மாதத்தில் அதைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது எங்கள் புத்திசாலித்தனம்.

நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சாலையின் இருபுறமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சில வயல்களில் செங்கொடிகள் நட்டிருந்தார்கள். சில வயல்களில் முற்றிய கதிர் தலை சாய்ந்து கிடந்தும் அரிவாளோடு ஒருவரும் இறங்கவில்லை. சுவர்களில் பாதி ஆளுங்கட்சியின் சாதனைகள், மீதி ‘உழுபவனுக்கே நிலம்’. இதையெல்லாம் பேப்பரில் படித்ததோடு சரி. எங்கள் பக்கம் சண்டை தண்ணீருக்குத்தான் வரும்.

நீடாமங்கலத்தில் காப்பி முப்பது காசு. கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு ஜீப்பையே பார்த்தார்.

“தாசில்தார் ஆபீஸா?”

“இல்லீங்க. சும்மா ஊர் பாக்கப் போறோம்.”

“ஜீப்புன்னா இங்க ஒண்ணு தாசில்தாரு, இல்லன்னா போலீசு. ஊரு பாக்க ஜீப்புல யாரும் வந்ததில்ல” என்றவர், பவுனைப் பார்த்ததும் இன்னும் குழம்பிப்போனார்.

மன்னார்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வாய்க்கால் கரையில் ஒரு நெற்களத்தைக் கண்டு நிறுத்தினோம். அந்தச் சீமையில் காய்ந்த தரை என்று அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. களத்தின் நடுவே அன்று அடித்த நெல், ஆள் உயரக் குவியல். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தார். தனபாக்கியம் என்று பெயர். கணவர் இல்லை. அந்த மூன்று ஏக்கரும் அவர் குத்தகைக்குச் செய்வது.

ராத்தங்க இடம் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“கரையோரமா போட்டுக்குங்க. களத்துல ஏறாதீங்க. நாய கட்டிப் போட்டுருங்க.”

குவியலைச் சுற்றிலும் சாம்பலால் கட்டம் கட்டமாக ஏதோ அச்சு குத்தியிருந்தது. என்னவென்று கேட்டேன். சாம்பல் குறி என்றார். மறுநாள் காலையில் மிராசுதாரின் காரியஸ்தர் வந்து இரண்டு பேருக்கும் பங்கு பிரித்து அளப்பாராம். அதுவரை யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

“காவலுக்கு ஆள் இல்லீங்களா?”

“எங்காளு இருந்தா நாங்க அள்ளிருவோம்பாங்க. அவங்காளு இருந்தா அவங்க அள்ளிருவாங்க. அதான் யாருமே வேணாம்னு பேசிட்டோம்.”

ஒருவரையொருவர் நம்பாததால் காவலே இல்லாத களத்தை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நிலத்தை விட்டு வெளியேற்றச் சொல்லி மிராசுதார் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். குவியலில் கை வைத்தாள் என்று எழுதிக் கொடுத்தால் குத்தகை போய்விடும். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த சோற்றைப் பவுனுக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எங்கள் ஊர் மண்ணில் கூடாரத்து முளை அடிக்கச் சம்மட்டி வேண்டும். இங்கே கரையின் ஈர மண்ணில் கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். பவுனையும் அதிலொரு முளையில் கட்டினேன். அழுத்தினால் இறங்குகிற முளை, இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றவில்லை.

பலபலவென்று விடியும் நேரம் சரோஜா உலுக்கினாள். “ஏனுங்க, பவுனைக் காணோமுங்க!”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பவுன் குவியலின் உச்சியில் குழி பறித்துச் சுருண்டு படுத்திருந்தது. கயிறும் முளையும் சரிவில் தொங்கின. கிழக்குப் பக்கத்துச் சாம்பல் குறி முழுக்க அழிந்திருந்தது. நாயை இறக்க ஓடினேன்.

“ஏறாதீங்க! கால வைக்காதீங்க!” வாய்க்கால் வரப்பில் தனபாக்கியம் ஓடிவந்தார். “உங்க காலடி பட்டுச்சுன்னா என் ஆளு ஏறுனான்னுருவாங்க. நாய் அப்படியே கெடக்கட்டும். காரியஸ்தரு வந்து கண்ணால பாக்கட்டும்.”

ஆக, எங்கள் பவுன் இறங்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிப் போனது. சரோஜா பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடத் துணியவில்லை. நான் பிஸ்கட் பாக்கெட்டை மறைத்து வைத்தேன். நாங்கள் மூவரும் வாய் பேசாமல் நாய் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரியஸ்தர் சைக்கிளில் வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. அவர் குவியலைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், தனபாக்கியத்தைப் பார்த்தார்.

“ஜீப்பு வெச்சு ஆள் கொண்டாந்திருக்கியா?”

“நாய்தாங்க ஏறுச்சு. எங்க நாய்” என்றேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“அந்த நாய நீ கூப்பிடு” என்றார் தனபாக்கியத்திடம். “பழகுன நாயான்னு பாத்துருவோம்.”

முந்தின மாலை பவுன் தின்றது தனபாக்கியத்தின் சோறு. அதுவோ ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு ஜென்மத்துக்கும் வாலாட்டுகிற ஜாதி. ஓடிவந்து அவர் காலை நக்கினால் எல்லாம் முடிந்தது.

“வா” என்றார் தனபாக்கியம்.

பவுன் தலையைத் தூக்கியது. இரண்டு தடவை வாலை ஆட்டியது. பிறகு மூக்கை வயிற்றில் செருகிக்கொண்டு படுத்துவிட்டது. என்னைக் கூப்பிடச் சொன்னார். எனக்கும் அதே மரியாதைதான்.

காரியஸ்தருக்குக் கோபம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறினார். நாயை ஒரு பக்கம் தள்ளிக் குழியில் கையை விட்டார். கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. முதல் நாள் அடித்த நெல், ஈரம் முழுக்கப் போகாமல் உள்ளே புழுங்கிச் சூடாக இருந்திருக்கிறது.

“அடுப்பாட்டம் இருக்குய்யா” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “திருட வந்த நாயில்ல இது. குளிர் காய வந்துருக்கு.” யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். மற்ற மூன்று பக்கமும் குறி சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, “மரக்கால எடுங்க” என்றார்.

எனக்கு அழுகை வராத குறை. என் வார்த்தையை யாரும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் வார்த்தையையும் கேட்கவில்லை. ஒரு நாயின் சோம்பேறித்தனத்தைத்தான் நம்பினார்கள். அதற்காக நான் நன்றிதான் சொல்ல வேண்டும்.

அளந்து முடித்ததும் புறப்பட்டோம். தனபாக்கியம் ஜீப் வரை வந்து பவுனின் தலையைத் தடவினார். இந்தத் தடவை அது அவர் கையை நன்றாக நக்கியது.

“மறுபடி வருவோமுங்க” என்றாள் சரோஜா.

“வாங்க. ஆனா அறுப்புக்கு வராதீங்க, நடவுக்கு வாங்க” என்றார். பிறகு வயலைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இந்த வயல்ல நான் நின்னேன்னா கேசு ஜெயிச்சிட்டேன்னு தெரிஞ்சுக்குங்க.”

கோடியக்கரையில் கடலைப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. பொள்ளாச்சிக்குத் திரும்பியும் மாதங்கள் ஆகிவிட்டன. புரட்டாசியில் அங்கே சம்பா நடவாம், விசாரித்து வைத்திருக்கிறேன். பவுனுக்கு முழ நீளத்தில் ஓர் இரும்பு முளை அடிக்கக் கொல்லரிடம் சொல்லியாயிற்று. அந்த மூன்று ஏக்கரில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும்.