மஞ்சள் அட்டைப் பட்டியல்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கேட்டுக்குள் பதினோரு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். காரணம் நான் எழுதிய நிரல். பன்னிரண்டாவதாக மாட்டியவன் நான். என் கழுத்திலும் மஞ்சள் அட்டைதான் தொங்கியது.

அங்கே நீல அட்டை என்றால் நிரந்தரம், மஞ்சள் என்றால் ஒப்பந்தம். நீலக்காரர்கள் கைவீசி வெளியே போவார்கள். எங்களுக்கு மட்டும் கேட்டில் உள்ள கணினி சீட்டு அடித்துத் தரவேண்டும். ஒப்பந்தக்காரரின் பெயர்ப் பட்டியல் தனி வலைப்பக்கம். அதை எங்கள் கேட் வலைப்பக்கத்துக்குள் ஒரு ஃப்ரேம் போட்டு, பக்கத்துக்குள் பக்கமாக உட்காரவைத்திருந்தேன். முந்தின நாள் சோதித்தபோது ஒழுங்காகத்தான் ஓடியது. சோதித்த லட்சணம் என்னவென்றால், உள்பக்கத்தை மட்டும் தனியாகத் திறந்து பார்த்திருந்தேன்.

மதியம் ஷிஃப்ட் முடிந்தது. திரையில் பதினோரு பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. சீட்டு மட்டும் வரவில்லை. ‘பட்டியல் இல்லை’ என்றது வெளிப்பக்கம்.

வரிசையில் முதலில் நின்றவர் உத்தனப்பள்ளிக்காரர். பிரசவம் ஆகி அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

“எம்பேரு அங்கியே தெரியுதே சார். அப்பறம் என்னாங்க?”

“பத்து நிமிஷம்மா.”

காவலாளி அசையவில்லை. “சிஸ்டத்துல வந்தாத்தான் உடுவேன்.”

மனிதவள அதிகாரி வந்தார். “சிஸ்டம் வேலை செய்யலன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் கையால சீட்டு எழுதி எல்லாரையும் அனுப்பிடறேன்.”

அந்த மாதம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். என் தவறுக்கு நானே சாட்சி எழுதிக் கொடுப்பதா? “பத்து நிமிஷம் சார்” என்றேன். அவர் போய்விட்டார்.

காவலாளியின் அறையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கணினியிடம் பட்டியலை எண்ணச் சொன்னேன், பதினொன்று என்றது. அதே பட்டியலை ‘நீ பட்டியலா’ என்று சோதித்தேன், இல்லை என்றது. எரிச்சலில் மேசையைக் குத்தினேன். உத்தனப்பள்ளிக்காரர் இன்னும் இரண்டு முறை வந்து கேட்டார். அதன் பிறகு வரவில்லை.

கடைசியில்தான் புத்திக்கு எட்டியது. ஒவ்வொரு ஃப்ரேமும் தனி உலகம். உள்ளே பிறந்த பட்டியலை வெளிப்பக்கம் தன் பிள்ளையாக ஏற்காது. ஓசூரில் எவரைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் “எந்த ஊரு?” என்ற கேள்வியைத்தான் என் நிரலும் கேட்டிருந்தது. எங்கே பிறந்தாய் என்பதை விட்டு, நீ என்ன என்று மட்டும் கேட்கும்படி ஒரே ஒரு வரியை மாற்றினேன். அச்சு இயந்திரம் சீட்டுகளைத் துப்பத் தொடங்கியது.

அதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது.

உத்தனப்பள்ளிக்காரர் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சீட்டு வாங்கக் கையை நீட்டியபோது பை விலகியது. ரவிக்கை முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது. அவர் சட்டென்று பையை மறுபடி இழுத்துக்கொண்டார்.

“கையெழுத்துப் போட்டா உடறேன்னு அந்த சார் சொன்னாருல்ல,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “நானும் கேட்டுட்டுத்தான் நின்னேன்.”

அவர் கேட்டைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பட்டியலில் என் பெயரையும் சேர்த்தேன்; என் சீட்டு கடைசியாக வந்தது. காவலாளி கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார். நான் சீட்டோடு உள்ளேயே நின்றேன்.