இரண்டாவது ரேடியோ

அந்தச் சாயங்காலம் சிங்கப்பூர் ஜாலான் புசார் கடைவீட்டு மாடியறையில் நான் மட்டும் இருந்தேன். அப்பா கிடங்குக் காவலுக்குப் போய்விட்டார். அம்மா நாகப்பட்டினத்தில், பார்த்து நான்கு வருடம். பலகைத் தடுப்புக்கு அப்பால், நான் நானா என்று அழைக்கும் ஜவுளிக்கடை அண்ணன் இருந்தார், தன் ரேடியோவில் கொழும்பு நிலையத்துப் பாட்டைத் தேடியபடி.

கம்பியில்லாத் தந்தி வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் தன் கையால் மனு எழுதிய முதல் ஆள் நான். தேர்வில் ஒரு சமிக்ஞையைக் கேட்டவுடன் அது கையால் தட்டும் மோர்ஸா, இயந்திரம் அனுப்பும் மோர்ஸா, செய்தியைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டரா என்று எழுத வேண்டும். பழக என்னிடம் இருந்தது பாட்டுக் கேட்கும் சாதாரண ரேடியோ. அதில் மோர்ஸ் ஒலிக்காது. இரைச்சல் விட்டுவிட்டு அடங்கும், அவ்வளவுதான். டெலிபிரிண்டர் என்றால் இரைச்சல் அடங்கி அப்படியே கிடக்கும். யாருமில்லாத இடம் என்று நினைத்து முள்ளை நகர்த்திவிடுவேன்.

அன்று நானா தன் முள்ளைத் திருப்ப, என் பெட்டியில் அடங்கிக் கிடந்த இடம் திடீரென்று இரண்டு சுரத்தில் படபடத்துப் பாடியது.

“தம்பி, என்ன அங்க? பெட்டிக்குள்ள கோழி பூந்துருச்சா?”

“நானா, அப்படியே விடுங்க! திருப்பாதீங்க!”

“என் பாட்டு போச்சு லா!”

அவருடைய ரேடியோவுக்குள் உண்டாகும் அலை கசிந்து என் சமிக்ஞையோடு கலக்கும்போதுதான் அதற்குக் குரல் வருகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதன்பின் தினமும் பாட்டு முடிந்ததும், நான் கேட்ட இடத்தில் முள்ளை வைத்துக் கொடுப்பார். பல நாட்களில் அந்தப் பலகையோடு பேசியதுதான் என் மொத்தப் பேச்சு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் நானா கல்யாணமாகி வேறு வீடு போனார். என் ரேடியோ மறுபடி ஊமையானது. அப்பாவிடம் இன்னொன்று கேட்டேன்.

“ஒத்த ஆளுக்கு ரெண்டா? காதுக்கு ஒண்ணா?”

“ஒண்ணு மட்டும்னா பேசாதுப்பா.”

அவருக்குப் புரிந்ததா, தெரியாது. மறுநாள் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்.

தேர்வில் எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். வேலை கிடைத்தது. அந்த வாரமே அம்மாவின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு நான்தான் படித்துக்காட்டுவேன். ‘கப்பல் டிக்கெட்டுக்குச் சேர்த்தாகிவிட்டது என்றீர்களே, எப்போது வருகிறீர்கள்?’

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த வருசம் முடியாதுன்னு எழுது. காரணம் கேப்பா. அதையும் எழுதிரு. ரேடியோ நாப்பது, வால்வு மாத்த எட்டு. நாப்பத்தெட்டு வெள்ளி.”