கல்யாணத்தில் பாடிய கல்லறை வரி

கூலிக்குப் பாடுகிறவர்களுக்குத் தொண்டை வேண்டும், மூச்சு வேண்டும், மணிக்கணக்கில் நிற்கக் கால் வேண்டும். என்ன பாடுகிறோம் என்று கேட்கிற வாய் மட்டும் இருக்கக் கூடாது. மட்டாஞ்சேரியில் பதினெட்டு வருஷம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சர்ச் மாடியில் நின்று லத்தீன் பாடியவள் சொல்கிறேன். புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூக்கமில்லாமல் புரண்டவர்கள் எல்லோரும் என் கட்சிதான்.

எந்த முகம்?

பாட்டுக் குழு மாஸ்டர் லத்தீனை ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். மற்றவர்கள் மலையாள எழுத்தில், நான் தமிழில். எட்டாம் வகுப்போடு ஜூ டவுன் இஞ்சிக் கிடங்குக்கு வேலைக்குப் போனவள்தான். ஆனாலும் மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தரம் படிக்காமல் மடிக்க மாட்டேன். ஒரு நாள் "மிசெரேரே நோபிஸ்" என்று எழுதச் சொன்னார். "மாஸ்டர், இது சந்தோஷமா, துக்கமா? எந்த முகத்தோட பாடணும்?" என்று கேட்டேன். தப்பா? எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நிற்கிற லில்லி என் தொடையைக் கிள்ளினாள்.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "சேச்சி, அப்பம் தின்னா மதி, குழி எண்ண வேண்டா." அப்பம் தின்றால் போதுமாம், அதிலிருக்கிற குழியை எண்ணக் கூடாதாம்.

இனிப்பான பாட்டு

போன வருஷம் சுள்ளிக்கல்லில் ஒரு கல்யாணம். மணப்பெண் எங்கோ போனில் கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டாள். "ரொம்ப ஸ்வீட் ட்யூன்" என்றாள். தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும். "டோனா எயிஸ் ரெக்வியெம்" என்ற வரி அதில் திரும்பத் திரும்ப வரும். நான் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டே, கண் கலங்க, அத்தனை உருக்கமாகப் பாடினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாப்பிள்ளையின் மாமா மாடிப்படியில் காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாகும்போது இந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே சாகணும் அக்கா!"

கல்லறை வாசல்

இரண்டு மாதம் கழித்து ஓர் அடக்கத்துக்குப் போனோம். பாடி முடித்து, மழைக்காகக் கல்லறைச் சிற்றாலய வாசலில் ஒதுங்கினேன். நிலைக்கு மேலே கல்லில் இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் நோட்டில் இருக்கிற அதே "டோனா எயிஸ்" வரி! அதன் கீழே மலையாளத்தில் பெயின்டால் எழுதியிருந்தது: அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் மாலையும் கழுத்துமாக நிற்கவைத்து, நான் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டிருக்கிறேன். குழி வெட்டுகிற அவுசேப்பேட்டன் அங்கேயே பீடி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் புகையை நிதானமாக விட்டார். "அது செத்தவங்களுக்கு உள்ள பாட்டு சேச்சி. நீங்க உயிரோட இருக்கிறவங்களுக்குப் பாடினா, பின்னாலேயே நான் மண்வெட்டி எடுத்துட்டு வரணும்."

யார் படித்தவர்?

அதற்கு அடுத்த மாதம் என் மகள் செலினுக்குக் கல்யாணம். பாடுவதும் எங்கள் குழுதான். மாஸ்டர் போட்ட பட்டியலில், நற்கருணை அப்பம் வாங்கும்போது பாட அதே பாட்டு! ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "நாலு கல்யாணத்துல பாடியாச்சு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. மீனிங் ஆருக்கு அறியும்?" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். முகம் கறுத்துப்போனது. அவருக்கும் தெரியாது! தெரியாததைப் பதினெட்டு வருஷம் எங்களுக்கு அதட்டி அதட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் "சரி சரி, மாத்தாம்" என்று மாற்ற ஒப்புக்கொண்டார்.

பங்குச் சாமியார் அச்சனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அச்சன் ஒரு மாசத் தியானத்துக்குப் போயிருந்தார். லில்லியாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: "மாஸ்டர் புஸ்தகத்தைப் பாத்துச் சொல்லித் தர்றாரு. நீ கல்லறை வாசல்ல படிச்சுட்டு வந்து அவர்கிட்ட சண்டை போடறே!"

பட்டுப்புடவையோடு மாடிப்படி

கல்யாணத்தன்று நான் முதல் பெஞ்சில். செலின் நற்கருணை வாங்கித் திரும்புகிறாள். மேலே கீபோர்டு அந்தத் தாலாட்டைத் தொடங்குகிறது. மாற்றவில்லை! இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்ற எண்ணம்தானே மாஸ்டருக்கு? "டோனா" என்று லில்லி குரல் எடுத்தபோது நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். பட்டுப்புடவை காலில் தடுக்கியது, தூக்கிச் செருகிக்கொண்டேன். நேராகப் போய் என் கைப்பையைக் கீபோர்டின்மேல் தொப்பென்று வைத்தேன். அது ஒரு ஊளை போட்டு நின்றது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இனி இந்த மாடியில உங்களுக்கு இடமில்ல" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் எல்லோரும் பாடுகிற மாதா பாட்டைத் தொடங்கினேன். முதல் அடி நான் மட்டும். இரண்டாவது அடியில் கீழேயிருந்து செலின் குரல் வந்தது. அப்புறம் லில்லியும், மாஸ்டரைப் பார்க்காமல், மெதுவாகச் சேர்ந்துகொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்றே நினைத்தேன். "முதல்ல தொடங்கின பாட்டு எவ்வளவு நல்லா இருந்துச்சு சம்பந்தி! ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். ஒரே ஒரு வரிக்கு அர்த்தம் படித்ததில் பாட்டுக் குழுவும் விட்டுப்போயிற்று.