அழித்த எழுத்துகள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பட்டாசு லேபிள்களை அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்ப்பது என் பொறுப்பு. சில ஓவியர்கள் லேபிளுக்குள் ரகசியமாக ஒரு குறி வைப்பார்கள். பிறகு அதே டிசைனைப் போட்டிக் கம்பெனிக்கு விற்று, அந்தக் குறியைக் காட்டித் தங்களுடையது என்பார்கள். ஒருமுறை அப்படி ஏமாந்ததிலிருந்து கடுகளவு புள்ளியைக்கூட நான் விடுவதில்லை.

அந்தத் தீபாவளி சீசனில் புதிதாகச் சேர்ந்த ஓவியர், புஸ்வாணப் பெட்டிக்கு எகிப்து ராணி ஒருத்தியை வரைந்து கொண்டுவந்தார். மூலையில் நீள்வட்டமாக ஒரு வளையம். அதற்குள் சிங்கம், கழுகு, கை என்று குட்டிக் குட்டிப் படங்கள்.

"இது என்னது?" என்றேன்.

"கார்ட்டூஷ், அண்ணாச்சி. அங்கன ராசா ராணி பேரை இப்படி வளையத்துக்குள்ளதான் எழுதுவாக. பிரெஞ்சுச் சிப்பாய்க எகிப்துக்குப் போனப்ப, இது அவுக துப்பாக்கிக்குப் போடுற தோட்டா மாதிரி இருந்துச்சாம். காகிதத்துல மருந்தடைச்ச தோட்டா. அந்தத் தோட்டாவுக்கு அவுக பாஷையில உள்ள பேரையே இதுக்கும் வச்சிட்டாக."

காகிதத்தில் மருந்தாம்! சிவகாசிக்காரனிடம் சொல்ல இதைவிடத் தோதான கதை கிடைக்குமா? என் காதில் பூச்சுற்றுகிறார் என்றே முடிவு கட்டினேன். இது உங்கள் ரகசியக் குறிதானே என்று கேட்டேவிட்டேன்.

"லைப்ரரில பாருங்க அண்ணாச்சி, ஒரு நா பொறுங்க. இந்தப் பேச்சு வெளிய போனா எந்த பிரஸ்லயும் என்னைச் சேக்க மாட்டாக" என்றார்.

நான் பொறுக்கவில்லை. நேரே முதலாளியிடம் போனேன். மத்தியானத்துக்குள் ஓவியரின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். வளையத்துக்குள் இருந்த பட எழுத்துகளை அழித்து, வெறும் வளையத்தோடு லேபிளை அச்சுக்கு அனுப்பினேன்.

அவர் சொன்னது பொய்தான் என்று உறுதிசெய்துகொள்ளவே ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் நூலகத்துக்குப் போனேன். கலைக்களஞ்சியத்தில் அதே சிப்பாய்கள், அதே தோட்டா. எகிப்தியர்கள் அதை ஷெனு என்றார்களாம். சுற்றி வளைப்பது என்று பொருள். பெயருக்குக் கேடு வராமல் கயிறு வளைத்துக் காப்பது. பக்கத்திலேயே எகிப்து ராணி ஒருத்தியின் பெயர் வளையத்துக்குள் அச்சாகியிருந்தது. எழுத்துகளை அழிக்கும் முன் எடுத்த சோதனை அச்சுத் தாள் சட்டைப் பையில் இருந்தது; அதை விரித்து ஒப்பிட்டேன். ஒரு படம்கூட மாறவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன் அவர், "நீ மட்டும் இல்லேன்னா இந்த ஆர்டரே போயிருக்கும்ப்பா" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே இன்னொரு அச்சகத்துக்காரர் போனில் கூப்பிட்டார். அந்த ஓவியர் வேலை கேட்டு வந்திருக்கிறாராம், ஆள் எப்படி என்று விசாரித்தார்.

"எதுக்கும் கொஞ்சம் கவனமாப் பாத்துச் சேத்துக்கோங்க" என்றேன்.