நெருப்புக்கு அந்தப் பக்கம் செல்வி

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவதிகைக் கோயிலில் கூடும் பிள்ளைகளே, உங்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காரும் செல்வியின் அப்பா மாணிக்கம் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பெரிய வார்த்தை எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நெருப்புக்கு அந்தப் பக்கம் என் மகள் இருந்தாள். இந்தப் பக்கம் நான் நின்றேன். நடுவில் ஒரு மலைச்சரிவே எரிந்துகொண்டிருந்தது. அந்த நெருப்பை வைத்தவன் வேறு யாரும் இல்லை, நான்தான். ஆனாலும் சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு அதிகை ஈசன் என் குரலைக் கேட்டான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு மறு வருஷம் அது. அண்ணாகிராமத்துப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. முந்திரித் தோப்பில் வேலை இல்லை. என் மனைவி அஞ்சலைக்குத் தம்பி ஒருவர் உண்டு, பெயர் வேலாயுதம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்ட ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் அவர் நீலகிரி மலைக்கு ஆள் சேர்த்தார். சீகை மரத்துப் பட்டையை உரித்துக் கட்டிக் கொடுக்கும் வேலை. தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டுமாம். நாங்களும் கிளம்பினோம். செல்விக்கு அப்போது ஆறு வயது. அவளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கூடவே கூட்டிப் போனோம்.

பிள்ளைகளே, பனி என்றால் நம்மூர் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையில் விழுவது உறைபனி. விடிந்து கதவைத் திறந்தால் புல் முழுக்க உப்பைக் கொட்டினது போல வெள்ளையாக இருக்கும். வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். செல்வி அதை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு குதிப்பாள். நாங்கள் கம்பளிக்குள் பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மார்கழியில் விழ வேண்டிய அந்தப் பனி, அந்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள் விழுந்துவிட்டது. ஒரே ராத்திரியில் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டம் வெந்நீர் ஊற்றினது போலக் கறுத்துப் போனது.

அந்தத் தோட்டம் மாதி என்கிற மலைக்கார அம்மாவுடையது. ஏழெட்டு எருமையும் வைத்திருந்தார். நாங்கள் பண்ருட்டிப் பக்கம் என்று தெரிந்த நாளிலிருந்து எங்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரும் அவருக்குப் பலாப்பழம்தான். பயிர் கருகின அன்று வந்து என்னிடம் சொன்னார்.

“ஏ பலாப்பழம், பயிரு போனது எங்களோட போச்சு. இந்தப் பனியில புல்லு அத்தனையும் காஞ்சிருச்சு, பாத்தியா? இனிமே ஒரு பீடித் துண்டு போதும். மலை எரியும். உன் ஆளுங்ககிட்ட சொல்லி வை.”

நான் தலையாட்டினேன். மனசுக்குள் சிரித்தேன். பனி விழுந்த இடத்தில் எப்படி நெருப்புப் பிடிக்கும் என்பது என் எண்ணம். ஈரமும் நெருப்பும் சேராது என்றுதானே நமக்குத் தெரியும்?

கார்த்திகை தீபம் வந்தது. நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாவளி சுற்றாமல் கார்த்திகை ஏது? ஊரை விட்டுக் கிளம்பும்போதே பனம்பூவைச் சுட்டு இடித்த கரியைத் துணியில் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன், என் பிள்ளை ஏங்கக் கூடாது என்று. சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த லைன் வீட்டுக்கு முன்னால் மண் தரையில் நாலு பக்கமும் தண்ணீர் தெளித்துவிட்டு, அதைப் பற்றவைத்துக் கயிற்றில் கட்டிச் சுற்றினேன். பொறி பூப்பூவாகக் கொட்டியது. செல்வி கை தட்டினாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு நிமிஷம் ஊருக்கே போய்விட்டு வந்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. மிச்சம் இருந்த தணலை அப்படியே போடக் கூடாது என்று ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் புல் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினேன். தணலைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தேன். நம்ம செம்மண்ணில் அப்படித்தானே செய்வோம், மூடினால் அணைந்துவிடும். மலையில் அந்தக் கறுப்பு மண் வேறு மாதிரி. பாதி மக்கின இலை, பாதி வேர். அதுவே எரியும். எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலையில் அஞ்சலையும் நானும் வேலைக்குப் போய்விட்டோம். லைன் வீட்டில் சமைக்கிற அம்மாவிடம் செல்வியை விட்டிருந்தோம். வெயில் ஏறிக் காற்றும் எழுந்த நேரம். நான் மரத்தில் இருந்தேன். வேலாயுதம் கீழே இருந்து கூப்பிட்டார்.

“மாமா, சீக்கிரம் எறங்குங்க. நம்ம வூட்டுப் பக்கம் பொகை.”

ஓடினோம். ஒரு மேட்டைத் தாண்டி வந்து பார்த்தால் லைன் வீடு அப்படியே இருக்கிறது, பின்பக்கச் சரிவு எரிகிறது! கிழக்கிலிருந்து அடித்த காற்று நெருப்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. பட்டாசு வெடிப்பது போலச் சத்தம். ஆள் உயரத்துக்கு எழும்புகிறது, படுக்கிறது, மறுபடி எழும்புகிறது. சமையல்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு நின்றார்கள்.

“புள்ள எங்க?” என்றாள் அஞ்சலை.

எருமைகளுக்குப் பின்னாலேயே பள்ளத்துக்குப் போய்விட்டாள், கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை என்றார்கள். தினமும் போகிறவள்தான். நாங்களும் தடுத்ததில்லை. அஞ்சலை நெருப்புக்குள் ஓடப் போனாள். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அவள் முடி நுனி கருகிவிட்டது.

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். என் குழியிலிருந்து கறுப்பாக ஒரு தடம் கிளம்பி, விசிறி போல விரிந்து, அந்த நெருப்பில் போய்ச் சேர்ந்தது. குழி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளே, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கையால் என் பிள்ளைக்கு நானே வைத்த நெருப்பு. மற்றவர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடிக்கப் போனார்கள். எனக்கு எழுந்திருக்கவே வரவில்லை. செத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு எங்கிருந்தோ நம்ம கோயில் ஞாபகம் வந்தது. கையைக் கூப்பினேன். எனக்குத் தெரிந்த பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுத்தான் வந்தது. சத்தமாகவே சொன்னேன்.

“அதிகை அப்பா, மூணு கோட்டையைச் சிரிச்சே எரிச்சவன் நீ. நெருப்பு என் பேச்சைக் கேக்காது, உன் பேச்சைக் கேக்கும். தப்புப் பண்ணது நான். புள்ள ஒண்ணும் பண்ணல. அவள எனக்குக் குடுத்துடு. இத வச்சது நான்தான்னு யார் கேட்டாலும் சொல்லிடுறேன். மறைக்க மாட்டேன்.”

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணைத் திறக்கிறேன், முகத்தில் புகை அறைந்தது. இருமினேன். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அதுவரை என் முதுகில் அடித்த காற்று இப்போது முகத்தில் அடிக்கிறது! பள்ளத்தாக்கிலிருந்து மேலே அடிக்கிறது! நெருப்பு அப்படியே திரும்பியது. அது வந்த வழியே திரும்பி வந்தது. வந்த வழியில் என்ன இருக்கிறது? எல்லாம் ஏற்கெனவே எரிந்து தீர்ந்த கரி. தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கங்கே படுத்தது. வேலாயுதம் கத்தினார், “அடிங்கடா, இப்ப அடிங்க.” நானும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு பாய்ந்தேன். எனக்கு எங்கிருந்து பலம் வந்தது? கை தோல் உரிந்தது கூடத் தெரியவில்லை.

மலையில் காற்று அப்படித்தான், மாறி மாறி அடிக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். அந்தக் கணத்தில் மாற வேண்டும் என்று அந்தக் காற்றுக்கு யார் சொன்னது?

நெருப்பு நடுவில் வழி விட்டதும் மாதி அம்மா எங்கிருந்தோ மூச்சு வாங்க ஓடி வந்தார். செல்வியைக் காணோம் என்றதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“எருமையோட போனாளா, தனியாப் போனாளா?”

“எருமையோடதான் போனா,” என்றாள் அஞ்சலை.

“அப்பப் பயப்படாத. எருமை நெருப்பைப் பாத்தாச் சோலைக்குக் கீழ சேத்துலதான் போயி நிக்கும். சோலைக்குள்ள நெருப்புப் போகாது. வா.”

சோலை என்பது மலை மடிப்பில் இருக்கும் அடர்ந்த பச்சைக் காடு. புலி இருக்கும் என்று பயந்து எங்கள் ஆட்கள் அந்தப் பக்கமே போனதில்லை. அன்றைக்கு ஓடினோம். கால் வைத்த இடமெல்லாம் சுட்டது. மாதி அம்மா முன்னால், அஞ்சலை அடுத்து, நான் பின்னால். கீழே இறங்க இறங்க நெருப்பின் கறுப்பு ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் ஈரம். சேறு. எருமைகள் முட்டியளவு சேற்றில் நெருக்கியடித்து நின்றன. அவற்றின் நடுவில், ஒரு கிழட்டு எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு என் செல்வி நின்றாள்!

எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் தெரியுமா?

“அடிக்காதப்பா. பாவாட பூரா சேறாயிடுச்சு.”

நான் சேற்றில் விழுந்து அவளைத் தூக்கினேன். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. ஒரு முடி கருகவில்லை. அஞ்சலை அவளையும் கட்டிக்கொண்டாள், அந்த எருமையையும் கட்டிக்கொண்டாள். மாதி அம்மா சிரித்தார். எனக்கு வாய் ஓயவே இல்லை, அதிகை அப்பா, அதிகை அப்பா என்றே சொல்லிக்கொண்டு மேலே ஏறினேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சுலபம். முடியவில்லை. மத்தியானம் காட்டு இலாகா அதிகாரி இரண்டு காவலர்களோடு வந்தார். வந்த உடனே மாதி அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். மேய்ச்சலுக்குப் புதுப்புல் முளைக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள்தானே கொளுத்தினது என்றார். அந்த அம்மா இல்லை என்றார். அதிகாரி நம்பவில்லை. பயிரையும் பறிகொடுத்துவிட்டு, என் பிள்ளை இருந்த இடத்தையும் காட்டிவிட்டு, அந்த அம்மா குற்றவாளி போல நிற்கிறார்.

வேலாயுதம் என் கையை அழுத்தினார். காதோடு சொன்னார். “மாமா, வாயத் தொறக்காதீங்க. சொன்னா நம்ம ஆளுங்க அத்தன பேரும் இன்னைக்கே மூட்டையக் கட்டணும்.”

அவர் சொன்னதும் நியாயம்தான். முப்பது பேர் வயிறு. அஞ்சலையைப் பார்த்தேன். அவள் இடுப்பில் செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டது கைக்கு வந்துவிட்டது. கொடுத்த வாக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். உடனே வெட்கமாகப் போய்விட்டது. முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, அவுங்க இல்ல. தணலைப் பொதைச்சவன் நான்.”

குழியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதிகாரி கோபத்தில் திட்டினார். பிறகு குனிந்து குழியைக் கிளறிப் பார்த்தார். கடைசியில் மற்றவர்கள் வேலை பார்க்கட்டும் என்றார். எனக்கு மட்டும் தண்டனை. இருபது நாள் கூலி இல்லாமல் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாதபடி வெறும் தரையாகக் கோடு போட வேண்டும். வேலாயுதம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். மாதி அம்மா பனிக்குத் தப்பின கிழங்கைத் தோண்டி அவித்துக் கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்தார். “வெளிய முள்ளைப் பாத்துட்டு விட்டுட்டேன் பலாப்பழம், உள்ள சுளையும் இருக்கு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இருபத்தோராம் நாள் மலையிறங்கினோம். வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சிதம்பரம். ஆருத்ரா தரிசனத் திருவிழா தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தில் செல்வியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். “அப்பா, சாமி கையில நெருப்பு வச்சிருக்காரே, சுடாதா?” என்று கேட்டாள். அஞ்சலைதான் சொன்னாள், “அவர் கையில இருந்தாச் சுடாது கண்ணு, அப்பா கையில இருந்தாத்தான் சுடும்” என்று. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணீரோடு சிரித்தேன்.

இப்போது நாலு வருஷம் ஆகிறது. அன்றோடு பீடியை விட்டேன். கோடைக்கு முன்னால் அண்ணாகிராமத்து முந்திரித் தோப்புகளில் காய்ந்த சருகைக் கூட்டித் தீக்கோடு போடுகிறேன். கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடாவிட்டாலும் போவேன். தெரியாத இடத்துக்குப் போனால் அந்த இடத்துக்காரரிடம் கேட்ட பிறகுதான் எதையும் செய்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் கஷ்டம் வரும். அது நீங்களே இழுத்துக்கொண்ட கஷ்டமாகக் கூட இருக்கலாம். தப்புச் செய்தவன் கேட்டால் சாமி கேட்குமா என்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், வேண்டியதைக் கேளுங்கள், கிடைத்த பிறகும் சொன்ன வாக்கில் நில்லுங்கள். குழி வெட்டின கையைத்தான் நான் அன்றைக்குக் கூப்பினேன். கழுவக்கூட இல்லை. வேறு கை என்னிடம் இல்லை. அந்தக் கையில்தான் அதிகை ஈசன் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான்.