முகர்ரமின் வில்லோவும் செத்தவரின் தண்ணீரும்

செத்துப்போன ஒருவர் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தூர்வார முடியுமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். முடியும் என்றுதான் எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பட்டியல் ஒன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தது.

அதில் பதினேழாம் பெயர் தோஹிர். புதன்கிழமை காலை அவர் வீட்டுக்கு முறைத் தண்ணீர். ஆனால் வசந்தத்தில் ஊர் கூடித் தூர்வாரும் நாளில் பட்டியலில் பெயருள்ளவர் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த வருடம் முறை போய்விடும். தோஹிர் இறந்துபோனார். அவர் மனைவி முகர்ரம் ஒவ்வொரு வசந்தமும் அதே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லோரையும் போலச் சேற்றில் இறங்கினார். தண்ணீர் முறை பார்க்கும் மீராப் இஸ்மத், பெண்ணை ஓர் ஆளாகச் சேர்க்கவில்லை. முகர்ரம் தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவர் வீட்டு மடை மூடியே கிடந்தது. எல்லோரும் பாய்ச்சி மிஞ்சிய கசிவுதான் அவருக்கு.

முகர்ரம் கூடை பின்னுகிறவர். ஆப்ரிகாட் பழுக்கும்போது எங்கள் பள்ளத்தாக்கில் வில்லோக் கூடை இல்லாத வீடு கிடையாது. ஆனால் வாய்க்கால் கரை வில்லோ மரங்களில் விளார், அதாவது இளங்குச்சி, வெட்டவும் இஸ்மத்தின் தயவு வேண்டும். அப்படிக் கிடைப்பதும் கிளைத்துக் கோணியிருக்கும். வளைத்தால் கணுவில் முறியும். ஆகவே மூன்று வருடத்துக்கு முன், பனி உருகும் நேரத்தில், எண்பது குச்சிகளை நறுக்கி வீட்டுக்குப் பின்னால் நெருக்கமாக நட்டார். நெருக்கி நட்டால் வில்லோவுக்குக் கிளைக்க இடமிருக்காது. வெயிலைத் தேடி நேராக மேலே போகும். இலை உதிர்ந்ததும் தரையோடு வெட்டிவிட வேண்டும். முதல் இரண்டு வெட்டும் முட்டை வைக்கிற சின்னக் கூடைக்குத்தான் தேறின. மூன்றாம் வருட விளார்தான் சோறு போடும்.

"வீட்டுல வில்லோ வச்சா அழுகை வரும்பாங்களே அக்கா," என்றாள் அடுத்த வீட்டு ஸைனப்.

"அவரு போனப்ப ஒரு வருஷம் அழுதேன். அப்ப இங்க தக்காளிதானே இருந்துச்சு."

வாய்க்கால் கரையில் இருநூறு வில்லோ நிற்கின்றன, அவை யாரையும் அழவைக்கவில்லை. மூடநம்பிக்கை எப்போதும் கைம்பெண்ணின் கொல்லையைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறது.

அந்த மூன்றாம் வருட ஜூலையில் விளார்கள் மார்பளவு வந்திருந்தன. அந்த மாதம் தண்ணீர் காட்டாவிட்டால் அப்படியே நின்று முற்றிப்போகும், பின்னினால் ஒடியும். மூன்று வருட உழைப்பும் அடுப்புக்குள் போகும். முகர்ரம் தேநீர்க் கடை வாசலுக்குப் போனார். ஆண்கள் மட்டும் உட்காரும் கடை அது.

"இஸ்மத் அண்ணே, வர்ற புதன்கிழமை என் மடையத் திறந்துவிடுங்க."

"பட்டியல்ல தோஹிர் பேருதானேம்மா இருக்கு. அவன் வந்து கேட்டா விடுறேன்."

உள்ளே சிரித்தார்கள்.

"மயானத்துக்கு வழி உங்களுக்கும் தெரியும். போயி எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் டீ போட்டு வைக்கிறேன்," என்றார் முகர்ரம்.

இப்போதும் சிரித்தார்கள், இஸ்மத்தைப் பார்த்து. அவர் முகம் சுருங்கியது.

"மரத்துக்கெல்லாம் முறைத் தண்ணி கிடையாது. காய்கறி போடு, பாக்கலாம்."

"கூடை இல்லாம உங்க ஆப்ரிகாட்ட எதுல பறிப்பீங்க, தொப்பியிலயா?"

மடை திறக்கவில்லை.

அடுத்த வாரம் மலையில் கொட்டிய மழை வாய்க்காலின் வளைவில் கரையை உடைத்தது. வண்டிப் பாதைக்காக இஸ்மத் பழைய வில்லோக்களை வேரோடு பிடுங்கிப் போட்ட அதே இடம். கல்லைப் போட்டார்கள், உருண்டது. மண் மூட்டையும் நிற்கவில்லை. பச்சை வில்லோவை முளையடித்து, இடையில் விளார் பின்னி, பின்னால் சேறு மிதித்தால் வேர் ஓடிக் கரை நிற்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பின்னுவதற்கு ஏற்ற நேரான பச்சை விளார் ஒரே கொல்லையில்தான் இருந்தது.

நாலு பேரும் அரிவாளுமாக இஸ்மத் வந்து நின்றார். "ஊருக்காகக் கேக்குறோம் முகர்ரம். கீழ நாப்பது வீட்டுத் தோட்டம் காயும்."

இலையோடு வெட்டினால் இந்த வருடக் கூடை போச்சு. சில அடிக்கட்டைகள் செத்தும் போகலாம். முகர்ரம் செடிகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்த ஊர்ல நான் இருக்கேனா அண்ணே? பட்டியல எடுங்க."

இஸ்மத் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தோஹிர் என்பதை அடித்துவிட்டு எழுதினார். முகர்ரம் வாங்கிப் படித்தார். 'தோஹிரின் மனைவி' என்றிருந்தது.

"எனக்குப் பேரு இல்லையா? இப்பக்கூட வாய் நிறையக் கூப்பிட்டீங்களே."

மறுபடி அடித்து, மறுபடி எழுதினார். அதன் பிறகு முகர்ரமே அரிவாளை வாங்கினார். பத்து அடிக்கட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, எழுபதையும் வெட்டித் தந்தார்.

கரைக்குப் போனால், அங்கே ஆண்கள் கரை வில்லோவில் வெட்டிய தடித்த முளைகளின் நுனியைச் சீவி, நுனி கீழாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படின்னா சுலபமா இறங்குதுக்கா," என்றான் ஒருவன்.

"உன்னைத் தலைகீழா நிறுத்தினா சாப்பிடுவியா? பிடுங்கு. அடிப்பக்கம் கீழ போனாத்தான் வேர் நல்லாப் பிடிக்கும்."

பிடுங்கித் திருப்பி அடித்தார்கள். இடையிடையே முகர்ரம் விளார் பின்னினார், கூடை பின்னுவது போலவே. பொழுது சாயும்போது கரை நின்றது.

இப்போது புதன்கிழமைகளில் அவர் மடை திறக்கிறது. வெட்டிய எழுபதில் ஒன்பது பட்டுப்போயின; மற்றவை துளிர்த்தும் நூலாய்த்தான் எழும்பின. இந்த வருடம் அந்தப் பத்து அடிக்கட்டைகளின் விளாரை வைத்தே பின்னுகிறார். கரையில் அவர் வில்லோ இலைவிட்டு நிற்கிறது.

பட்டியலில் இன்னும் பதினொரு செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களின் பெயரை ஏன் எழுதவில்லை என்று இஸ்மத்திடம் கேட்டேன். "அவங்க யாரும் வந்து கேக்கலையே," என்றார். உரிமை கிடைக்க ஒரு கரை உடைய வேண்டுமா? எல்லாப் பெண்களுக்கும் கொல்லையில் எழுபது வில்லோ இருக்குமா?

உங்கள் ஊரிலும் தண்ணீருக்கோ நிலத்துக்கோ ஒரு பட்டியல் இருக்கும். இந்த வாரமே அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். அதில் செத்தவர் யாராவது இருந்தால், அந்த வீட்டில் உழைக்கிற பெண்ணோடு போய் நில்லுங்கள். அவர் பெயரை, அவருடைய சொந்தப் பெயரை, எழுதும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.