நாலாவது பாட்டில் மீன்காரக்கா

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தாறு வயதில், தலையில் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, திறந்த பீரோவுக்குள் முகத்தை நுழைத்து, "நான் இந்தத் தெருவோட புலி" என்று பத்து ஞாயிற்றுக்கிழமைகள் கத்தியவன் நான். பீரோவில் தொங்கியவை என் மனைவியின் பட்டுப்புடவைகள். எச்சில் தெறிக்கக் கூடாது என்பது மட்டும்தான் புலிக்கு அவள் விதித்த நிபந்தனை.

ராப் பாடுகிறவர்கள் எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தாங்களே பாடி, தாங்களே ஒட்டவைத்து, தாங்களே வெளியிடும் பாட்டுத் தொகுப்புக்கு மிக்ஸ்டேப் என்று பெயர். எந்தக் கம்பெனியும் என்னைத் தேடி வராததால், நம்பாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. மொத்தம் ஒன்பது பாட்டு. ஒன்பதிலும் நான் யாருக்கும் அஞ்சாதவன். மற்ற நாட்களில் உப்பளம் என்கிற பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மேனேஜர் இருமினால் எழுந்து நிற்பேன்.

அட்டைப் படத்துக்காக யாருடையதோ ஒரு பழைய வீட்டின் மஞ்சள் சுவரில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். படம் எடுத்தவள் மனைவி. "சீக்கிரம் மொறைங்க, வாட்ச்மேன் வர்றாரு" என்றாள். என் முகத்தில் இருப்பது சமூகத்தின் மேல் உள்ள கோபம் என்று சிலர் இன்றும் நினைக்கிறார்கள்.

பீரோவுக்குள் பாடுவதற்குக் காரணம் உண்டு. துணி எதிரொலியை விழுங்கிவிடும். ஆனால் மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறும். விசிறியை நிறுத்திவிட்டு ஜமுக்காளத்துக்குள் நின்றால் மனிதன் வெந்துபோவான். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஒன்பது பாட்டில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான். அதையும் வேர்வைதான் எடுத்தது.

பதிவு செய்ததைப் பிறகு போட்டுக் கேட்டபோது, நாலாவது பாட்டில் நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஒரு குரல். "மீனேய்ய்... சங்கரா... வஞ்சரம்... கானாங்கத்தேய்!"

மீன்காரக்கா! கடலோரப் பிள்ளைச்சாவடியிலிருந்து ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் கருவடிக்குப்பத்துத் தெருவுக்கு வருகிறவர். ஜமுக்காளத்துக்குள் எனக்குக் கேட்கவில்லை. மைக் கேட்டிருக்கிறது. நான் ஆறு நாள் முயன்றும் பிடிபடாத தாளத்தில், ஸ்கூட்டியை நிறுத்தாமலேயே அவர் குரல் கச்சிதமாக விழுந்திருந்தது.

அதை வெட்டி எடுத்து, அந்தப் பாட்டின் முகப்பில் வைத்தேன். இசையே இல்லாமல் முதலில் அக்கா இரண்டு தடவை கூவுவார். அப்புறம்தான் டிரம். ஹிப்ஹாப்பில் தெருவின் சத்தத்தைப் பாட்டில் வைப்பது தெருவுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பது அதைவிடப் பெரிய மரியாதை என்று தோன்றவில்லை. புலிக்கு அதெல்லாம் தோன்றாது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல்கள் வந்தன. பாட்டு ஓடி முடியும் நேரத்துக்கு முன்பாகவே வந்தன. உண்மையில் கேட்டவர் ஒருவர்தான்: எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவே அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல், முசியே என்றுதான் கூப்பிடும்.

"நாலாவது பாட்டு த்ரே பியேன், ரொம்ப ஜோரு தம்பி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தம்மாவுக்கு என்னா கொரலு! நடுவுல ஒருத்தன் பேசிக்கினே இருக்கான் பாரு, அவனத்தான் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்."

"அது நான்தான் முசியே."

"அப்படியா? சளி புடிச்சிருந்துச்சா?"

எனக்குக் கிடைத்த ஒரே ரசிகர், என் பகுதியைத் தவிர மற்றதை ரசித்தார். அதற்கே ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தேன். அவரோ தினமும் காலை ஏழு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது, வாசலில் ஸ்பீக்கரை வைத்து அந்தப் பாட்டைப் போட ஆரம்பித்தார்.

வந்தது வினை. "மீனேய்" என்று கேட்டதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவது எங்கள் தெருவில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கால்கள் தாமாக வந்துவிடும். டிரம் அடிப்பதற்குள் ஐந்தாறு பெண்கள் தெருவில் நிற்பார்கள். எதிரே ஹோஸ் பைப்போடு முசியே நிற்பார். முதல் நாள் எங்கள் தெருப் பூனைகூட ஏமாந்தது. மூன்று நாள் ஏமாந்தார்கள். நாலாவது நாள் நிஜமாகவே அக்கா வந்து கூவியபோது ஒரு கதவும் திறக்கவில்லை.

"முசியே பாட்டு போட்டுட்டாரு" என்று உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

அப்படியே தப்பித் தவறி வெளியே வந்த ஒன்றிரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். "சங்கரான்னு கூவிட்டு நெத்திலிய காட்டுற?" அக்கா கூவுவது அன்றன்றைக்குப் பெட்டியில் இருக்கும் மீனின் பெயரை. என் பாட்டிலோ வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சங்கரா.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்கூட்டியைத் தெரு நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "எவன்டா அது என் கொரல வெச்சிருக்கறது?"

எங்கள் வீட்டில் ஒரு புலி இருப்பதாகக் கைகாட்டியவள் என் மனைவி. நான் மடித்துக்கொண்டிருந்த ஜமுக்காளத்தோடு வெளியே வந்தேன்.

"நீயா? ஆபீசுக்குப் போற ஆளுதான தம்பி நீ?" என்றார் அக்கா. அதில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. யாராவது ரவுடியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். "எட்டு மணிக்குள்ள காலியாவுற பொட்டி. ஒரு வாரமா பாதி மீனு அப்படியே திரும்பி வருது. ஐஸு கரையுறது தெரியுதா?"

தெரிந்தது. பெட்டியின் ஓரத்திலிருந்து என் செருப்பின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லாத நெத்திலி உள்ளே. நான் எழுதிய ஒன்பது பாட்டிலும், அக்காவின் அந்தக் கேள்வி போல நெஞ்சில் உறைக்கும் வரி ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் அசடு உடனே போய்விடுமா? "அக்கா, வேணும்னா உங்க கொரல ரெக்கார்ட் பண்ணி, வண்டியிலயே ஒரு ஸ்பீக்கர் மாட்டிடலாம்" என்றேன்.

"இன்னிக்கி என்னா மீனு மாட்டும்னு கடலுக்குப் போறவனுக்கே தெரியாது. உன் டப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். பிறகு, "என்னாதான் பண்ணி வெச்சிருக்க, போடு பாப்பம்."

அவர் கையெல்லாம் செதில். அதனால் இயர்போனை நானே அவர் காதில் வைத்தேன். மனைவி வாசலில் சாய்ந்துகொண்டு, காசு கொடுத்துப் பார்க்க வந்தவள் போல் பார்த்தாள். தன் குரல் வந்ததும் அக்கா தலையை லேசாகச் சாய்த்தார். உதட்டோரம் என்னவோ வந்து போனது. டிரம் அடித்து, "நான் இந்தத் தெருவோட" என்று நான் ஆரம்பித்ததும் இயர்போனைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"அவ்ளோதான?"

"இல்லக்கா, இனிமேதான் பாட்டு."

"அப்படியா" என்றார், நெத்திலி கேட்டு வந்தவர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிற தொனியில். "நல்லாத்தான் இருக்குது. எடுத்துடு."

புலி ஒரு நிமிஷம் யோசித்தது. ஒன்பதில் ஒருவர் விரும்பிக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதிலும் அந்த இரண்டு கூவலைத்தான். அதை எடுத்தால் மிச்சம் இருப்பது சளி பிடித்த ஆள் மட்டும். ஆனால் ஐஸ் தண்ணீர் இப்போது என் கால் விரலிடுக்கில் இறங்கியிருந்தது.

"எடுத்துடறேன்க்கா. முசியே போன்லயும் பழச அழிச்சிட்டுப் புதுச போட்டுடறேன்."

"இன்னிக்கே."

"இன்னிக்கேதான். அரைக் கிலோ நெத்திலி போடுங்க."

"ஒரு கிலோ" என்றாள் வாசலிலிருந்து மனைவி. அபராதத்தை அவள்தான் நிர்ணயித்தாள்.

அக்கா எடை போடும்போது எனக்கு இன்னொரு கவலை வந்தது. முகப்பில் இருந்த கூவலை எடுத்தால் பாட்டு மொட்டையாகத் தொடங்கும். அந்த இடத்தில் நானே கூவினால் என்ன? நின்ற இடத்திலேயே ஒத்திகை பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க, "மீனேய்ய்..." என்று இழுத்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. எதிரே முசியே மட்டும் நிமிர்ந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி செடிப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்க கொரலுக்குப் பதிலா அங்க நானே கூவிட்டா பரவால்லயா?" என்றேன். "மறுபடியும் ஜனங்க ஏமாந்து பாத்திரத்தோட வெளிய வந்துட்டாங்கன்னா?"

அக்கா நெத்திலியைப் பையில் கொட்டி, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தார்.

"கத்திக்கோ, பூனகூட வராது."